பாகூர் நிலத்துக்காக டெல்லி போக வேண்டாம், நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: ஐயா, நான் நெல்லிக்குப்பத்தில் இருக்கிறேன். பாகூரில் அம்மாவுக்கு இருந்த 60 குழி நிலத்தை அக்கா தன் பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்து வாங்கிக்கொண்டார். பத்திரத்தில் இருப்பது அம்மாவின் கைரேகையே இல்லை. கடைசி மூன்று வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவன் நான், நிலத்தில் பயிர் வைப்பவனும் நான். அக்கா நிலத்தின் சுவாதீனம், அதாவது கைவசம், கேட்டு புதுச்சேரி முன்சீப் கோர்ட்டில் ஜெயித்துவிட்டார். என் அப்பீலும் இரண்டு மாதம் முன்பு தள்ளுபடி. புதுச்சேரி மத்திய அரசின் பகுதிதானே, தமிழ்நாட்டு ஹைகோர்ட்டுக்கு அங்கே என்ன வேலை? நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: போக வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசுக்குத் தனிக் கோர்ட் வரிசை, மாநிலங்களுக்குத் தனி வரிசை. நம் நாட்டில் ஒரே ஏணி. நாடாளுமன்றச் சட்டமானாலும் சட்டசபைச் சட்டமானாலும் அதே முன்சீப்தான் விசாரிப்பார். யூனியன் பிரதேசம் என்பது நிர்வாகத்தைப் பற்றிய பேச்சு. கோர்ட் வரிசையில் புதுச்சேரிக்கு ஹைகோர்ட் சென்னைதான். கேரளாவுக்குள் கிடக்கும் மாஹேயின் அப்பீலும், ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமின் அப்பீலும் சென்னைக்குத்தான் வருகின்றன.

அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நீங்கள் என்பதை நம்புகிறேன். இந்த வழக்கில் அதற்கு எடையில்லை. கைரேகை பொய் என்பதும் இனி உதவாது. அது நடந்த விஷயம் பற்றிய கேள்வி, இரண்டு கோர்ட்டும் பதில் சொல்லியாகிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவில் ஹைகோர்ட் எடுத்துக்கொள்வது முக்கியமான சட்டக் கேள்வியை மட்டும். சாட்சியை மறுபடி எடைபோட அந்த அப்பீல் கிடையாது.

உங்களுக்கு இருக்கக்கூடிய வாசல் ஒன்றுதான். செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். பதிவான பத்திரமாக இருந்தால், எழுதிக்கொடுத்ததையே எதிராளி குறிப்பாக மறுத்தால் மட்டும்தான் அந்தக் கட்டாயம் வரும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆம் பிரிவு, புதியதில் 67. அக்காவின் வழக்குக்குப் பதிலாக நீங்கள் தாக்கல் செய்த எதிர்வழக்குரையை எடுத்துப் பாருங்கள். ‘இந்தக் கைரேகையை என் தாயார் வைக்கவே இல்லை’ என்று எழுதியிருந்து, அக்கா தரப்பில் பத்திரச் சாட்சி ஒருவரும் வரவில்லை என்றால் ஹைகோர்ட்டில் பேச விஷயம் இருக்கிறது. ‘பத்திரத்தை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று பொதுப்படையாக எழுதியிருந்தாலோ, சாட்சி வந்து குறுக்கு விசாரணையில் நின்றிருந்தாலோ, அப்பீலை ஏற்பதா என்று பார்க்கும் அட்மிஷன் கட்டத்திலேயே தள்ளுபடி ஆகும் என்று எதிர்பாருங்கள்.

உங்களைப் போன்றவர்கள் மோசம் போவது சட்டக் கேள்வியில் அல்ல, நாட்களில். இரண்டாம் அப்பீலுக்கு 90 நாள். அதில் 60 போய்விட்டது. தீர்ப்பு, டிகிரி (தீர்ப்பின்படி எழுதப்படும் முறையான உத்தரவு) இரண்டுக்கும் இன்னும் நகல் மனு போடவில்லை என்றால் நாளைக் காலையே போடுங்கள். நகலில் ஒரு முத்திரை இருக்கும்: மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். மனு போட்டதிலிருந்து தயாரானதுவரை கணக்கில் கழியும். கட்டணம் கட்டாமல் நீங்கள் இழுத்த நாளும், தயாரான பிறகு வாங்காமல் கிடந்த நாளும் கழியாது. பலர் நகலைக் கையில் வாங்கிய தேதியிலிருந்து எண்ணி ஏமாறுகிறார்கள். டெல்லியில் மனுப் போட்டுத் திரும்பி வந்தால் அந்த நாட்களும் தானாகக் கழியாது, தாமதத்துக்குத் தனி மனுப் போட்டு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அப்பீல் போட்டாலே டிகிரிக்குத் தடை வந்துவிட்டது என்ற நினைப்பு. வராது. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிகிரி ஆகி இரண்டு வருஷத்துக்குள் அதை நிறைவேற்றித் தரச் சொல்லி அக்கா நிறைவேற்று மனுப் போட்டால் உங்களுக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பது சட்டப்படி கட்டாயம்கூட இல்லை. கோர்ட் ஊழியரான அமீன் வந்து வரப்பில் நின்று சுவாதீனம் எடுத்துக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு வரும் தடை வெறும் காகிதம். அப்பீலில் ஜெயித்து, சிவில் நடைமுறைச் சட்டம் 144-ஆம் பிரிவில் மனுப் போட்டுத்தான் நிலத்தைத் திரும்பக் கேட்க முடியும். வருஷக் கணக்கில் ஆகும். தன்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே கேவியட் மனுப் போட்டிருந்தால் அவரைக் கேட்காமல் இடைக்காலத் தடையும் கிடைக்காது. நீங்கள் பயிர் எடுத்த வருஷங்களுக்கு நிலத்தின் வருமானத்தையும் அக்கா வழக்கில் கேட்டு, அது டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு போகமும் உங்கள் தலையில் ஏறும் கடன்.

பத்திரச் சாட்சி வந்து சொல்லியிருந்தால் என் யோசனை சமாதானம்தான், அதுவும் அமீன் வருவதற்கு முன். நிலம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் அக்காவுக்குப் பேச அவசரம். அம்மாவுக்குச் செய்த செலவு கோர்ட்டில் எடுபடாது, உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து பேசினால் எடுபடும். 60 குழியில் ஒரு பகுதியோ, நின்ற பயிரோடு ஒரு தொகையோ கேளுங்கள்.

ஆனால் வெள்ளைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பீல் நிலுவையில் இருந்தால் இருவரும் கையெழுத்திட்ட ராஜி மனுவாக ஹைகோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். அப்பீல் போடாமல் வெளியில் முடித்தால், 30 நாளுக்குள் நிறைவேற்றும் கோர்ட்டில் மனுப் போட்டுப் பதிய வைக்க வேண்டும். பதியாத சமாதானத்தை அந்தக் கோர்ட் திரும்பியும் பார்க்காது. பணத்தை வாங்கிக்கொண்டே அக்கா அமீனை அனுப்பினாலும் உங்களால் அங்கே தடுக்க முடியாது. நிலத்தில் பங்கு எழுதித் தருவதாக இருந்தால் அதற்குத் தனிப் பத்திரம் பதிவாக வேண்டும். பதிவன்று பணம் கைமாறட்டும், முன்னால் வேண்டாம்.