வாசகர் கேள்வி பதில்: அப்பாவின் பட்டறையில் ஒரு நாள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். இம்முறை வந்தவற்றில் நான்கு கடிதங்கள், பிள்ளைகளைப் பெற்றோர் தங்கள் வேலையிடத்துக்கு அழைத்துச் செல்வதைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இந்த நான்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என்னுடைய ஆபீஸுக்கு ஒரு நாள் அழைத்துப் போகச் சொல்லி ஒன்பது வயது மகள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒரு முறை குடும்ப தினம் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அழைத்துப் போனால் போதாதா? சாதாரண நாளில் வந்தால் நான் கணினி முன் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவள் பார்க்க என்ன இருக்கிறது?
வாசகி, மேடவாக்கம்

பதில்: குடும்ப தினத்துக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள், பலூனும் மருதாணியும் மாயாஜாலக்காரரும் இருப்பார்கள், குழந்தை மகிழ்ச்சியோடு திரும்புவாள். ஆனால் அவள் கேட்டது அதை அல்லவே. தினமும் காலையில் எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா எங்கே போகிறாள், மாலையில் ஏன் அவ்வளவு களைத்துப்போய் வருகிறாள் என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கான விடை சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் கிடைக்கும்.

காண ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைப்பது, பழகிப்போனதால் வந்த நினைப்பு. என் தோழி ஒருத்தி தன் மகளை இப்படி அழைத்துப் போனபோது கையில் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, அம்மாவிடம் யார் யார் வந்து என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் குழந்தை பதினான்கு பேரைக் குறித்திருந்தது. 'ஏம்மா, எல்லாரும் உன்கிட்டயேதான் கேக்கறாங்க, உனக்கு எல்லாம் தெரியுமா?' என்று அது கேட்டதற்கு, 'தெரியாததை யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும்' என்று தாய் சொன்னாளாம். அரை நாளைக்கு இதுவே நிறைய.

நடைமுறையில் சிலவற்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் தளங்களில் வெளியாரை விடமாட்டார்கள். ஆகவே மேலாளரிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு வெளியாகும் நாள் வேண்டாம். பத்து மணி முதல் ஒரு மணி வரை போதும். அவள் சலித்துப்போனால் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைக்காமல், சலிப்போடேயே சற்று நேரம் விட்டுவிடுங்கள், ஏனென்றால் வேலையில் சலிப்புக்கும் ஒரு பங்கு இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். இன்னொன்று, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்காக அழைத்துப் போவது முற்றிலும் வேறு விஷயம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. உங்கள் தேவை அதுவானால் நிர்வாகத்திடம் அதைக் கேளுங்கள்; குழந்தையின் ஆசையோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினாறு ஆண்டுகளாக லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகன், நான் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்கிறான். எனக்கு இரண்டு தயக்கங்கள். ஒன்று, இயந்திரங்கள் ஓடும் இடம். மற்றொன்றை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் வாய்த்துடுக்கானவர். மகன் முன்னிலையில் என்னை ஒருமையில் ஏசிவிட்டால் என்ன செய்வேன்? அவனுடைய நண்பர்களின் தந்தையர் பலர் ஏசி அறையில் வேலை பார்ப்பவர்கள்.
வாசகர், கொரட்டூர்

பதில்: முதல் தயக்கம் முழுக்கச் சரியானது. கடையும் துண்டைப் பிடித்துக்கொண்டு சுழலும் சக்கில் சட்டைக் கையின் நுனி சிக்கினால் போதும் என்பதும், அதனாலேயே லேத்தில் கையுறை போடக்கூடாது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலோகச் சீவல் சூடாகவும் கூர்மையாகவும் தெறிக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் ஆர்வத்தில் குனிவான். சட்டமும் இதில் கடுமையாகத்தான் இருந்துவந்திருக்கிறது. வேலை நடக்கும்போது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொழிற்சாலைக்குள் காணப்படுபவரை, அப்படி இல்லை என்று நிரூபிக்கப்படும் வரையில், அங்கே வேலைக்கு வைக்கப்பட்டவராகவே கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தான் என்று பிறகு விளக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையதாகிவிடும் என்பதால், அவர் தயங்கினால் அவர்மீது குறைப்பட வேண்டாம்.

நல்ல வேளையாக, இதற்கென்று ஒரு நாளை நம் ஊர் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டையின் தெருக்களில் நடந்திருப்பீர்கள்: எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு, மனைவி மக்கள் எல்லோரும் வந்து நிற்க, பொரியும் கடலையும் பொட்டலமாகக் கைக்குக் கை போகும். (நடுச்சாலையில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, மறுநாள் காலை இருசக்கர வாகனங்கள் அதில்தான் சறுக்குகின்றன.) அன்று இயந்திரம் நின்றிருக்கும். அப்பா நிற்கும் இடம் எது, எந்தப் பிடியைத் தேய்த்துத் தேய்த்து அவருடைய உள்ளங்கை காய்த்தது என்பதையெல்லாம் அருகில் நின்று காட்டலாம். அந்த நாளின் குறையும் அதுவேதான்: ஓடாத லேத்தில் வேலை தெரியாது.

அந்தக் குறையைப் போக்க ஒரு வழி சொல்கிறேன். முதலாளியின் அனுமதியோடு மிக நுண்ணிய பருமனையும் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி ஒன்றை ஒரு நாள் இரவுக்கு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். மகனுடைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளையும், பிறகு அவனுடைய தலைமுடி ஒன்றையும் அளக்கச் சொல்லுங்கள். தாள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். முதல் தடவை திருகை இறுக்கிவிட்டுத் தவறாகப் படிப்பான். திருகின் முனையிலுள்ள ராச்செட்டின் 'டிக் டிக்' ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள். அதன் பிறகு, அந்த முடியின் பருமனைவிடக் குறைவான அளவுதான் நீங்கள் கடையும் ஜாபில் கூடவோ குறையவோ அனுமதி, அதைத் தாண்டினால் ரிஜெக்ட் என்று சொல்லுங்கள். ஏசி அறை பற்றிய பேச்சை நீங்கள் எடுக்க வேண்டிய தேவையே வராது என்று நினைக்கிறேன்.

இனி இரண்டாவது தயக்கம். என் தந்தை இராயப்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிடராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாக அடுக்கும் வேலை. பத்து வயதில் ஒரு விடுமுறை நாளில் அவரோடு போயிருந்தேன். இடது கையில் எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண்கள் கையெழுத்துப் பிரதியில் இருக்க, வலது கை தானாகவே எழுத்துப் பெட்டியின் அறை அறையாகப் போய் எழுத்தை எடுத்து வந்த வேகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முதலாளி ஒரு திருமண அழைப்பிதழைக் கொண்டுவந்து மேசையில் எறிந்தார். முகூர்த்தம் ஒன்பது மணி என்பது ஆறு மணி என்று அச்சாகியிருந்தது. 9 என்ற எழுத்தைத் திருப்பி வைத்தால் 6 ஆகிவிடும். தலைகீழாக அடுக்கும் கைக்கு அது எளிதில் நேரும் பிழை. ஐந்நூறு அழைப்பிதழ்கள் வீண். நான் நிற்பது தெரிந்தே முதலாளி ஏசினார், அதுவும் ஒருமையில். அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த ஓர் எழுத்தைப் பிடுங்கித் திருப்பி வைத்துவிட்டு, புதிய புரூஃப் (சரிபார்ப்புப் படி) எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். 'தப்பு என்னோடதுதானே' என்றார். சற்று தூரம் போனபின், 'ஆனா அவர் அப்படிப் பேசினதும் தப்பு' என்றார். வீட்டில் எங்கள் தப்புகளுக்குக் குரல் உயர்த்துகிற மனிதர் அவர். எனக்கு அன்று அவர்மீது இருந்த மதிப்பு குறைந்ததா என்று நீங்கள் கேட்டால், அழுகை வந்தது என்பதும், அன்றிரவு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன் என்பதும்தான் நினைவில் இருக்கின்றன.

ஆகவே, ஏச்சு விழும் என்ற பயத்துக்காகத் தவிர்க்காதீர்கள். இயலுமானால் சூப்பர்வைசரிடமே முன்னதாகச் சென்று, 'பையன் வருகிறான், உங்களிடம் அறிமுகப்படுத்தலாமா?' என்று கேளுங்கள். வாய்த்துடுக்கானவர்களில் பெரும்பாலோர் பிள்ளை முன்னால் அடங்கிவிடுவார்கள். அடங்கவில்லையென்றால், போகும் வழியில் மகனிடம் அதை மறைக்காமல் பேசுங்கள்.

கேள்வி: பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். பேரனை என் பழைய தொழிற்சாலைப் பக்கம் அழைத்துப் போகலாம் என்றேன். இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம் என்று மருமகன் சிரிக்கிறார். உண்மையா?
வாசகர், அயனாவரம்

பதில்: ஒரு பாதி உண்மை. மகள்களை வேலையிடத்துக்கு அழைத்துச் செல்லும் நாள் என்று அமெரிக்காவில் ஒரு பெண்கள் அறக்கட்டளை 1993இல் தொடங்கியது. 2003 முதல் மகன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தைகள் தங்களால் முடியாது என்று எண்ணிக்கொண்டிருந்த வேலைகளை நேரில் காணச் செய்வதே அவர்களின் நோக்கம்.

நம் ஊரில் கதை வேறு. காசிமேட்டுப் பிள்ளைக்கு இதற்கென ஒரு நாள் தேவைப்பட்டதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் பெருமளவு ஒன்றாகவே வருவதால், படகுக்கு வண்ணம் அடிப்பதையும் வலை பின்னுவதையும் அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்கிறான். நம்முடைய கவலை, பார்க்கப் போன பிள்ளை அங்கேயே தங்கிவிடுவானோ என்பதுதான். 1953இல் இராஜாஜி அரசு, பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று தொடக்கக் கல்வியை மாற்றியபோது, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எனவே பார்க்கட்டும், பார்த்துவிட்டு வீடு திரும்பட்டும். உங்கள் தொழிலை மட்டுமின்றிப் பக்கத்து வீட்டுச் செவிலியர் அக்காவின் வேலையையும், தெருமுனைத் தையல்காரரின் வேலையையும்கூடப் பார்க்கட்டும்.

உங்கள் பேரனைப் பொறுத்தவரை, நியூ ஆவடி சாலையிலுள்ள ரயில் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். பழைய பெட்டி ஒன்றின் அருகே நின்று, இதில் நான் செய்தது இந்த வேலை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். மருமகனையும் கூடவே அழைத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா விடுமுறையில் தம் பதினொரு வயது மகளையும் அழைத்து வருகிறார். அவள் சும்மா இருக்காமல் பாத்திரம் கழுவவும் பெருக்கவும் உதவுகிறாள். மனத்துக்கு உறுத்தலாக இருக்கிறது. அழைத்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
வாசகி, பெசன்ட் நகர்

பதில்: உறுத்துவது நல்லதுதான். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலையில் வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாத் தொழில்களுக்குமே அத்தடையை நீட்டித்தது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத்தின் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு உண்டு, ஆனால் உங்கள் சமையலறை அவர்களுடைய குடும்பத் தொழில் அல்ல. நான்கு டம்ளர்தானே என்று தொடங்கும், மே மாத முடிவில் அது வாடிக்கையாகிவிடும்.

ஆனால் வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தச் சிறுமி தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தாயிடம், 'பாப்பா வரட்டும், வேலை மட்டும் செய்ய வேண்டாம்' என்று நீங்களே சொல்லுங்கள். அந்தத் தாய் தாமாகவே அதைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பார். மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம், படிக்க ஏதாவது, உங்கள் பிள்ளைகள் சாப்பிடும் அதே தட்டில் சாப்பாடு. வீட்டிலுள்ளோர் யாரும், 'பாப்பா, அந்தத் தண்ணீரை எடுத்து வா' என்று அவளை ஏவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளும் தன் தாயின் வேலையிடத்தில் ஒரு நாளைக் கழிக்க வந்தவள்தான். உங்கள் குழந்தைகள் அவள் தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, 'அக்கா' என்கிறார்களா என்பதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மகளின் கை இல்லாததால் வேலை முடியக் கால் மணி நேரம் கூடுதலாகும். அதற்காகத் தாயை அவசரப்படுத்தாதீர்கள்.