மலிவு விலைச் சைக்கிள் கருவிகளை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் அழகர்கோவில் வரை போய் வருகிறேன். இணையத்தில் பதினாறு வேலைகளுக்கான ஒரே கருவி 150 ரூபாய்க்கும், ஹெல்மெட் 400 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வாங்கலாமா?
- வாசகர் ஒருவர், நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: பல பொருள்களைத் தயங்காமல் மலிவாக வாங்கலாம். ஆனால், போல்ட்டைப் பிடித்துத் திருகும் கருவியில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் போன்ற கருவி ஒன்றைத்தான் நானும் முதலில் வாங்கினேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் 5 மி.மீ. போல்ட்டைத் தளர்த்த முயன்றபோது, அதிலிருந்த, சரியாகக் கடினப்படுத்தப்படாத ஆலன் கீயின் (அறுகோணச் சாவியின்) விளிம்புகள் மழுங்கி வழுக்கின; போல்ட்டின் அறுகோணக் குழியும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. பிறகு எந்தச் சாவியும் அதில் பிடிக்கவில்லை. பட்டறையில் டிரில் போட்டு எடுக்கக் கொடுத்த கூலி, கருவியில் மிச்சம் பிடித்த தொகையைவிட அதிகம்.

ஆகவே, ஹார்டுவேர் கடையில் தரமான 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ மூன்றையும், பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இவற்றிலேயே முடிந்துவிடும். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதை மறந்து இறுக்கியபடியே போராடினால், நல்ல ஸ்பேனரும் உதவாது.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை விலையைவிட முத்திரையே முக்கியம். உட்புறத்தில் 'இஎன் 1078' என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கிறதா, தலையை ஆட்டினாலும் நகராமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூடுதல் விலைக்குப் பெரும்பாலும் எடைக் குறைவும் காற்றோட்டமும்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுபவருக்கு அதுவும் சிறிய விஷயமன்று. முத்திரையே இல்லாததையும், பிறர் பயன்படுத்திய பழையதையும் வாங்கவே வேண்டாம். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் நசுங்கியிருக்கக்கூடும். பிரேக் கட்டையிலும் கேபிளிலும் இதே கண்டிப்பு வேண்டும். கையுறை, தண்ணீர் பாட்டில், மட்கார்டு போன்றவை மலிவானவையே போதும்.

செயின் தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவியும் தேவையில்லை. பன்னிரண்டு அங்குல இரும்பு ஸ்கேலின் தொடக்கக் கோட்டில் செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (சிறு ஆணியின்) நடுப்பகுதியை வைத்துச் செயினை இழுத்துப் பிடியுங்கள். புதுச் செயினில் 12 என்ற கோட்டின் மேலேயே இன்னொரு பின் சரியாக அமையும். அது 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தாமதித்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும்.

பஞ்சர் சாமான்களில் டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் மலிவானதாக இருக்கலாம். உடைந்தால் அது மட்டுமே போகும், ஸ்க்ரூடிரைவரைப் போல ட்யூபைக் கிழிக்காது. பம்பு மட்டும் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். நம் பக்கத்துச் சாலையோரங்களில் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை என்பதால், பேட்ச் ஒட்டியதும் டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். ஒடிந்த முள்முனை உள்ளேயே நின்றிருந்தால் துணி அதில் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்காமல் ட்யூபை மாட்டினால், அடுத்த ஊர் போவதற்குள் மறுபடியும் பஞ்சர்தான்.