கல்லூரிக் கையேட்டை மகளே சரிபார்க்கட்டும்

அன்புள்ள அம்மா,

மூன்று பொறியியல் கல்லூரிகளின் கையேடுகளை அனுப்பி, மகளை எதில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதைவிட, அவற்றில் எழுதியிருப்பது உண்மைதானா என்று உங்கள் மகளே தேடிப் பார்ப்பது நல்லது. நாளைக்குக் கல்லூரியில் புராஜெக்ட் அறிக்கை எழுதும்போதும் இதே வேலையைத்தான் அவர் செய்யப்போகிறார்.

முதல் கையேட்டில், 'நூறு சதவீத பிளேஸ்மென்ட், சராசரி ஊதியம் 7 லட்சம்' என்று இருக்கிறது. யாரில் நூறு சதவீதம் என்பதே முதற்கேள்வி. அரியர் இல்லாமல், வளாக வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் பதிவும் செய்தவர்களை மட்டும் எண்ணினால் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினமன்று. சராசரியும் அத்தகையதே: ஒன்பது பேருக்கு 3 லட்சமும் ஒருவருக்கு 43 லட்சமும் கிடைத்தால் பத்துப் பேரின் சராசரி 7 லட்சமாகிவிடும், பள்ளியில் படித்த இடைநிலை அளவோ, அதாவது ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையோ, 3 லட்சத்திலேயே நிற்கும். மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிட்டுவரும், கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் இணையதளத்தில், பட்டியலில் இடம்பெற்ற கல்லூரிகள் ஒப்படைத்த விவரங்களும் உள்ளன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய ஊதியத்தின் இடைநிலை அளவு என்ன என்பவற்றை அங்கே காணலாம். அதுவும் கல்லூரி தானே கொடுத்த கணக்குத்தான், பாடப்பிரிவுவாரியானதும் அன்று. ஆயினும் விளம்பர வரியைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது கையேடு, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் 'ஏ+' தரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அது கல்லூரி முழுவதற்குமான தரம், தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கப்படுவது. ஆகவே மகள் விரும்பும் பிரிவுக்கு அது உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதை என்.பி.ஏ.வின் தளத்திலேயே அவர் பார்க்க வேண்டும். இரண்டு அணி மாணவர்களாவது படித்து வெளியேறாத புதிய பிரிவுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது என்பதால், இல்லை என்றவுடன் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்று காட்டும் கட்-ஆஃப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன; அவற்றில் ஆண்டும் இருப்பதில்லை, யார் தொகுத்தது என்பதும் தெரிவதில்லை. கலந்தாய்வுக்குரிய அரசுத் தளத்தில், முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண் நிலவரம் கல்லூரி, பிரிவு, சமூகம் வாரியாகவே கிடைக்கிறது. பெயரை வைத்துத் தேடாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நம் மாநிலத்தில் ஏராளம். கூகுளில் முதலில் வருபவை பெரும்பாலும் காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்கள் என்பதையும், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பழைய எண்ணையும் தயங்காமல் சொல்லிவிடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த விவரம், கிடைத்த இடம், அது எந்த ஆண்டுக்குரியது, தாம் பார்த்த தேதி ஆகியவற்றை அவர் குறித்துவரட்டும். இரண்டு இடங்களில் இருவேறு எண்கள் வந்தால் இரண்டையும் எழுதட்டும். ஏன் வேறுபடுகின்றன என்று கல்லூரி அலுவலகத்திற்கே தொலைபேசியில் கேட்கலாம். கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியல் பதியத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாக அந்த நோட்டுடன் இருவரும் வாருங்கள், வரிசையை உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.