கருத்து எழுதுமுன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்

கேள்வி: சென்ற இரண்டு இதழ்களில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்துக் குழம்பிப்போனேன். ‘பொன்னியின் செல்வன்’ சோழர் வரலாற்றைக் கற்பிக்கிறது என்கிறார் ஒருவர். வரலாற்றைத் திரிக்கிறது என்கிறார் மற்றொருவர். ‘புயலிலே ஒரு தோணி’ தமிழின் தலைசிறந்த நாவல் என்று ஒரு கடிதம், ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை என்று ஒரு கடிதம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி காலாவதியாகிவிட்டதாம். ‘அபிதான சிந்தாமணி’யை நம்பவே கூடாதாம். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று நழுவாமல், யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லக் கூடாதா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சொல்கிறேன். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மைதான். ஆனால் நீங்கள் சுட்டும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கும் ரசனைக்கும் தொடர்பில்லை. ஒரு நூல் தருவதாகச் சொல்லாத ஒன்றை அதனிடம் கேட்டு, கிடைக்கவில்லையே என்று வைகிறார்கள், அல்லது கிடைத்துவிட்டதாக எண்ணிக் கொண்டாடுகிறார்கள்.

‘பொன்னியின் செல்வன்’ பற்றிய இரு கடிதங்களும் இந்த வகைதான். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களைச் சேர்ந்தவர்களின் உடைமைகள் பறிக்கப்பட்டதையும் சொல்கிறது. கொலை ஏன் நடந்தது, அவர்களை ஏவியவர் உண்டா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினி என்ற பாத்திரத்தைப் படைத்தார். வந்தியத்தேவனும் அப்படித்தான்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராசராசனின் அக்காள் குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர்’ தேவியார் என்கிறது, குதிரையேறி வரும் அந்தக் குறும்புக்கார வீரனின் மற்ற எல்லாமும் கல்கி தந்தவை. ஆகவே, நாவலைப் படித்துவிட்டுச் சோழர் வரலாறு தெரிந்துவிட்டது என்று எழுதியவர் தவறு. நாவலாசிரியர் என்ற உரிமையோடு எழுதியவரைப் பொய்யர் என்பவரும் தவறு. வரலாறு வேண்டுமானால் வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்நூல்களைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்புபவருக்கு, கிடைத்த ஒற்றைவரியை வைத்துக்கொண்டு கல்கி என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று வியக்கத் தோன்றும்.

அந்த நாவல்மேல் நியாயமான குறையே இல்லையா என்றால், உண்டு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் அது. அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்க வைக்கும் பொருட்டு அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கதவு தட்டப்படும், ஓர் உருவம் இருளில் மறையும். ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு இந்த உத்தி சலிப்பூட்டும். எனக்கும் ஐந்தாம் பாகத்தில் பல இடங்கள் நீளமாகவே படுகின்றன. இதை ஒருவரும் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பொறுத்தவரை, ஐம்பது பக்கத்தில் நிறுத்திய வாசகரை நான் குறைசொல்ல மாட்டேன். 1972இல் வெளிவந்த அந்நூல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இன்றைய இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடக்கிறது. பேச்சும் நினைவும் பழம்பாடல் வரிகளும் மதுரைத் தெருக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். கதை எங்கே என்று தேடுபவருக்கு அது கடினம்தான். ஆனால் ‘என்னால் முடியவில்லை’ என்பதற்கும் ‘நூல் மோசம்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அவர் தாண்டியிருக்க வேண்டியதில்லை.

இனி அகராதிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் ஆறு தொகுதிகள் 1924க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்தன. பின்னிணைப்பு 1939இல் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்தப் பெரும்பணியின் பதிப்பாசிரியராக இருந்து முடித்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: சொல், அதற்கு ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், எந்த இலக்கியத்தில் வருகிறது என்ற மேற்கோள் என்று வரிசையாக இருக்கும். கம்பனையோ சங்கப் பாடலையோ படிக்கும் மாணவருக்கு இன்றும் அதற்கு ஈடில்லை. அதில் ‘கணினி’யைத் தேடி ஏமாந்து, அது காலாவதி என்று நமக்கு எழுதிய ஆசிரியர் தேட வேண்டிய இடம் வேறு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது. 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. இன்றைய உரைநடையில் ஒரு சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை அது எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தருகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஆனால் பள்ளி நூலகத்தில் முதலாவது இல்லாவிட்டால் அது பெருங்குறை.

‘அபிதான சிந்தாமணி’ பற்றிய கடிதம்தான் என்னை மிகவும் வருத்தியது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்து, 1910இல் வெளிவந்த தகவல் களஞ்சியம் அது. புராணப் பாத்திரங்கள், புலவர்கள், தலங்கள், மூலிகைகள் என எல்லாம் அகரவரிசையில் அருகருகே நிற்கும். ஒரு முனிவரைப் பற்றி எந்தப் புராணம் என்ன சொல்கிறது என்று அறிய விரும்புபவர் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார். ஒரு புலவரின் காலத்தை அதைக் கொண்டு முடிவு செய்வது பிழை. நூறாண்டுக்கும் மேலாக நடந்த கல்வெட்டு, இலக்கிய ஆய்வுகள் அதற்குப் பின்னர் வந்தவை. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தின் அறிவியல் கட்டுரைகளுக்கும் இதுவே பொருந்தும்.

இதில் வாசகரை மட்டும் குற்றஞ்சாட்ட மனம் வரவில்லை. பழைய நூல்களை மறுஅச்சிடும் பதிப்பகங்கள் சில, முதற்பதிப்பு ஆண்டை விட்டுவிட்டு இவ்வாண்டின் எண்ணை மட்டும் போடுகின்றன. பளபளக்கும் அட்டையைப் பார்த்து வாங்குபவர் அதைப் புதிய நூல் என்றே நம்புகிறார். தகவல் நூலைப் பொறுத்தவரை இது வாசகருக்குச் செய்யும் தீங்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. எனவே அடுத்த இதழிலிருந்து, நூல் பற்றிய கடிதங்களில் மூன்று செய்திகள் இருந்தால்தான் வெளியிடுவோம்: படித்தது எந்தப் பதிப்பு, எதற்காக அந்நூலைத் திறந்தீர்கள், எந்தப் பக்கம்வரை படித்தீர்கள்.