ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியில் சிபியு வேகத்தைக் குறைத்தும் பேட்டரி நீடிக்கவில்லை, ஏன்?

10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை அளப்பதுதான் வேலை என்கிறீர்கள். அப்படியானால் சிபியு வேகத்தைத் தொடவே வேண்டாம். வோல்டேஜ் குறையாமல் வேகம் மட்டும் குறைந்தால், அதே வேலை நீண்ட நேரம் இழுக்கும், மிச்சம் சொற்பம். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கவிடுவதே லாபம்.

சிக்கல் என்னவென்றால், பை ஜீரோவுக்குத் தூங்கத் தெரியாது. நினைவகத்தை மட்டும் விழித்திருக்க வைத்து மற்றதைத் தூங்கவிடும் சஸ்பெண்ட்-டு-ராம் வசதி அதில் இல்லை. சும்மா இருக்கும்போதே சுமார் 100 மில்லிஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 12 வாட்-மணி. எச்டிஎம்ஐ, வைஃபை இரண்டையும் அணைக்கலாம், ஆனால் அதெல்லாம் சில்லறை மிச்சம்தான். ஷட்டவுன் செய்தாலும் போர்டு கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே மின்சாரத்தை வெளியிலிருந்தே வெட்டுங்கள். டிபிஎல்5110 போன்ற டைமர் சிப், கூடவே மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) போதும். அந்த டைமர் எடுப்பது நானோஆம்பியர் கணக்கில்தான். 10 நிமிடத்தில் 1 நிமிடம் மட்டும் ஓடினால் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பூட் நேரத்தை, அதாவது கணினி துவங்க எடுக்கும் நேரத்தை, குறைக்கக் குறைக்கச் செலவு இன்னும் இறங்கும். பின்னணியில் ஓடும் தேவையில்லாத சர்வீஸ்களை முதலில் நீக்குங்கள்.

எஸ்டி கார்டில் இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுண்ட் செய்ய மறக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெட்டுவிடலாம்.