கௌபாய் ஊமைப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், வசனமே இல்லாத கௌபாய் படத்தை எப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது?

பதில்: குதிரைக்கு எதற்கு வசனம்? 1925இல் வந்த 'டம்பிள்வீட்ஸ்' படத்தைப் பாருங்கள். அரசு திறந்துவிட்ட நிலத்தில் இடம் பிடிக்க நூற்றுக்கணக்கான வண்டிகளும் குதிரைகளும் ஒரே நொடியில் பாயும். கிராபிக்ஸ் இல்லாத காலம். கூட்டமும் நிஜம், புழுதியும் நிஜம். நடுவில் குதிரையை விரட்டி வரும் நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட்டுக்கு அப்போது 60 வயது! அதுதான் அவருடைய கடைசிப் படம்.

கேள்வி: யூடியூபில் ஒன்று பார்த்தேன். எல்லோரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுகிறார்களே?

பதில்: ஓட்டிய வேகம் தப்பு. கையால் சுற்றிய கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேமுக்கும் குறைவாக எடுத்ததை 24இல் ஓட்டியிருப்பார்கள். வேகம் சரிசெய்த பிரதியாகத் தேடுங்கள்.

கேள்வி: எடுத்த படங்களெல்லாம் எங்கே போயின?

பதில்: அதைக் கேட்டால் வயிறு எரியும். 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எடுத்த கணக்குப்படி, அந்நாட்டு முழுநீள ஊமைப்படங்கள் ஏறக்குறைய 10,900. முதலில் வெளியான வடிவிலேயே முழுசாக இருப்பவை 14 சதவீதம்தான். பேசும்படம் வந்ததும் பழைய சரக்கை யாரும் சீந்தவில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே அதை அழித்தவர்கள் உண்டு. போதாததற்கு அது நைட்ரேட் பிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனிக் கிடங்கு எரிந்தபோது டாம் மிக்ஸ் நடித்த படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் காலச் சூப்பர் ஸ்டார் அவர்!

கேள்வி: அப்படியானால் மிச்சம் இருப்பவை எப்படித் தப்பின?

பதில்: நம் பாஷையில் சொன்னால், சி சென்டர் புண்ணியம். கனடாவின் டாசன் சிட்டி, படப்பெட்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். திருப்பி அனுப்பும் செலவுக்குக்கூடப் பெறாது என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். பிறகு பழைய நீச்சல் குளம் ஒன்றை மூடும்போது ரீல்களையும் உள்ளே போட்டுப் புதைத்தார்கள். 1978இல் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள்ளிருந்து 500க்கு மேற்பட்ட ரீல்கள் கிடைத்தன.

கேள்வி: ஐயா, ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்', 1917. தொலைந்தது என்று கைவிட்ட படம். பிரதி செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் நாயகன் ஹாரி கேரி ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். அப்புறம் 1956இல் ஃபோர்ட் எடுத்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியைப் போடுங்கள். வாசலில் ஜான் வேன் அப்படியே நிற்பார்.