இறால் குளத்தில் காக்கா ஆழி: மருந்தா, சுரண்டலா?

கேள்வி: பழவேற்காடு அருகே வன்னாமி இறால் வளர்க்கிறேன். நீர் எடுக்கும் குழாயிலும் மதகுப் பலகையிலும் கறுப்பு நிறச் சிறு ஆழிகள் (ஓடுள்ள சிப்பி வகை) கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. குளத்தில் இறால் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடர் போட்டு அழிக்கலாமா?

பதில்: கூடாது. பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின் பட்டதும் ஆழி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே தங்கள் இறால் செத்துவிடும்.

தாங்கள் கூறும் அடையாளங்களின்படி, இது எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மத்திய, தென் அமெரிக்கக் கடலோரங்களுக்கு உரிய இந்த ஆழி, கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ அவை சமநிலைக்காக நிரப்பிவரும் நீரிலோ இங்கு வந்திருக்க வேண்டும். உவர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும் தன்மையால், கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் கொச்சிக் கழிமுகத்திலும் பரவி, அங்குள்ள மட்டிகளுக்கும் பச்சை ஆழிக்கும் உரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணூரில் நிலைமை மிகவும் வருந்தத்தக்கது. ஒன்றோடொன்று நார்களால் பின்னிக்கொண்டு சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் இவை படர்ந்துவிடுவதால், சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லாமல் போகிறது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானம் அதனோடு போகிறது.

குளத்தில் இவை பெருகினால் நுண்பாசியை வடிகட்டித் தின்றுவிடும். ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை குறைந்து, தோலுரித்த இறாலின் ஓடு இறுகத் தாமதமாகும். ஆகவே காரத்தன்மையை வாரந்தோறும் சோதித்து வாருங்கள்.

இப்போதைக்குக் கையால் சுரண்டுவதே வழி. கொத்தைப் பிய்த்து இழுக்காமல், தட்டையான கத்தியால் நாரோடு சேர்த்து அடியிலிருந்து அறுத்தெடுங்கள். எடுத்ததை மறந்தும் வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். உயிருள்ள ஆழிகள் அங்கேயே முட்டையும் விந்தும் விட்டுப் பெருகும். நீர்நிலைக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அறுவடைக்குப் பின் குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, குழாய்களையும் நீரில் காற்றூட்டும் ஏரேட்டர் மிதவைகளையும் கழற்றி வெயிலில் போடுங்கள். ஆழியின் இளம் பருவ உயிரிகள் (லார்வாக்கள்) கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து வருவதால் வடிகட்டிப் பை மட்டும் போதாது. அடுத்த முறை நீரைத் தனித் தேக்கக் குளத்தில் நிறுத்தி, அங்கே பிளீச்சிங் செய்து, குளோரின் முழுதும் நீங்கிய பின்னரே வளர்ப்புக் குளத்துக்கு விடுங்கள்.

இனத்தை உறுதிசெய்ய, நாரோடு கூடிய ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றிப் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் காட்டலாம். பக்கத்துக் குளத்துக்காரர்களிடமும் உடனே சொல்லிவிடுங்கள்; ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள் சேர்ந்து சுரண்டினால்தான் பலன் கிட்டும்.